செவலைக்குச் சொன்ன சேதி

அம்சவள்ளி புருசனோடு பேச்சை நிறுத்தியது புரட்டாசியில். இப்போது பங்குனி முடியப்போகிறது. அதற்காக அந்த வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. முன்னைக்கு இப்போதுதான் ஜாஸ்தி. என்ன, எல்லாப் பேச்சும் செவலையிடம் நடந்தது.

செவலை என்பது கொட்டகையில் கட்டியிருந்த பசு. இரண்டு ஈத்து கண்டது, சாதுவான மாடு. விடிந்ததும் அம்சவள்ளி அதன் முதுகைத் தட்டி ஆரம்பிப்பாள். "செவல, கஞ்சி மூடி வெச்சிருக்குது. வேணும்ங்கிறவங்க குடிக்கட்டும்." சுப்புராயன் வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "செவல, கஞ்சிக்குத் தொட்டுக்க இன்னான்னு கேளு" என்பார். "தொட்டுக்க இன்னா, வெங்காயந்தான். கறியும் மீனுமா ஆக்கிப் போடுவாங்க?" என்று பதில் வரும். மாடு இரண்டு பக்கமும் காதை ஆட்டிக்கொண்டு நடுவில் நிற்கும். புருசன் பெண்டாட்டி சண்டையில் நடுவே போய் நல்ல பேர் வாங்கியவர்கள் உலகத்தில் கிடையாது. செவலை ஒன்றுதான் வாங்கியது.

சுப்புராயனுக்குக் கஞ்சி கிடைத்தது, வெங்காயம் கிடைத்தது, கிழிந்த வேட்டிக்குத் தையல்கூடக் கிடைத்தது. கிடைக்காதது ஒன்றே ஒன்று, அந்த 'யோவ்'. கலியாணமான புதிதில் அம்சவள்ளி 'இன்னாங்க' என்றுதான் கூப்பிட்டாள். மகன் அன்புச்செல்வன் பிறந்து, வீட்டு நிர்வாகம் கைமாறிய பிறகு அது 'யோவ்' ஆனது. "யோவ், மம்பட்டிய எங்க போட்ட?" "யோவ், சோறு ஆறிக்கினு இருக்குது." "யோவ், இங்க வந்து பாருய்யா, மாடு கன்னு போட்டிருக்குது." கோபத்துக்கு ஒரு யோவ், சந்தோசத்துக்கு ஒரு யோவ், ஜுரம் வந்து படுத்திருக்கும்போது நெற்றியில் கை வைத்து மெதுவாக ஒரு யோவ். அதைக் கேட்காமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. இறங்கவில்லை என்றால் தின்னாமல் இருந்தார் என்று அர்த்தமில்லை. தின்றார். ருசி தெரியாமல் தின்றார்.

காரணம் ஒரு புளியமரம்.

கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சி போகிற ரோட்டில், அவர்கள் கொல்லை வயலுக்கு எதிரே அந்த மரம் நின்றது. ரோட்டுப் புளியமரம் சர்க்காருடையது, காய் ஏலக்காரனுடையது, நிழல் மட்டும் அம்சவள்ளியுடையது. களை எடுக்கும்போது அன்புச்செல்வனுக்கு அதன் தாழ்ந்த கிளையில்தான் தூளி கட்டினாள். அடிமரத்துப் பொந்தில் தேனீக் கூடு ஒன்று இருந்தது. பந்தம் கொளுத்திக்கொண்டு தேன் எடுக்க வருகிறவர்களை அவள் கல்லெடுத்து விரட்டுவாள். "அதுங்க பாட்டுக்கு அதுங்க வேலையப் பாக்குது. உனுக்கு இன்னாடா பண்ணுது?" என்பாள். மலையிலிருந்து கடுக்காயும் தேனும் கொண்டுவந்து சந்தையில் விற்கிற வெள்ளச்சியும் அவள் புருசன் செல்லனும் மூட்டையை இறக்கி உட்காருவது அந்த மரத்தடியில்தான். அப்படித்தான் வெள்ளச்சி அம்சவள்ளிக்குச் சிநேகம்.

எண்பத்தேழாம் வருசம் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது அல்லவா? ஊரே ரோட்டில் கிடந்தது. அடுப்பு ரோட்டிலேயே எரிந்தது. விழுப்புரம் பக்கம் துப்பாக்கிச் சூடு என்று சைக்கிளில் வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். அம்சவள்ளியும்தான் போய் உட்கார்ந்தாள். பெண்கள் வரிசையில் முன்னால், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, போலீஸ் வண்டி வந்தபோதும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். சுப்புராயனுக்கு அன்றைக்குப் பெண்டாட்டியைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

மூன்றாம் நாள், மறியல் நடத்திய சங்கத்துத் தங்கதுரை, மரத்தை வெட்டிக் குறுக்கே போட்டால்தான் வண்டி நகராது என்றான். ஊர் ஊராக அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. யார் முதல் வெட்டு என்று கேட்டபோது, சோறு ஆக்க அம்சவள்ளி வீட்டுக்குப் போயிருந்த நேரம், சுப்புராயன் கோடாலியை வாங்கினார். பையன் ஆஸ்டலில் தங்கிப் பிளஸ் டூ படிக்கிறான். நாளைக்கு அவனுக்கு ஒரு படிப்பு, ஒரு உத்தியோகம் என்றால் அப்பன் தன் பங்குக்கு ஏதாவது செய்திருக்க வேண்டாமா? அவர் நினைப்பு அதுதான். அதில் பொய் இல்லை.

மரம் சாய்ந்தது. பொந்து பிளந்தது. மறியல்காரர்களைப் போலீஸ்கூட அப்படி விரட்டவில்லை, தேனீ விரட்டியது. தங்கதுரை வாய்க்காலில் போய் விழுந்தான். யாரோ டயரைக் கொளுத்திப் புகை போட்டு மிச்சத்தையும் ஓட்டினார்கள்.

அதோடு விட்டிருந்தால் அம்சவள்ளி நாலு நாள் திட்டி ஓய்ந்திருப்பாளோ என்னவோ. சுப்புராயன் ஒரு காரியம் செய்தார். பிளந்த பொந்திலிருந்து தேனடையில் நல்ல துண்டாகப் பிய்த்து, ஆமணக்கு இலையில் வைத்து, வீங்கிய முகத்தோடு வீட்டுக்குக் கொண்டுவந்து அவளிடம் நீட்டினார்.

"இந்தா அம்சா. உனுக்குன்னு எடுத்து வெச்சேன்."

அவள் இலையைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், எழுந்து கொட்டகைக்குப் போனாள். "செவல" என்றாள். அன்றைக்குத் தொடங்கியது.

*

மாசியில் பூசணிக் கொடி பூத்தது. மஞ்சள் மஞ்சளாக வயல் நிறையப் பூ. ஆனால் பிஞ்சு நிற்கவில்லை. விரல் மொத்தம் வந்ததும் வெம்பி உதிர்ந்தது. உரம் போட்டார், சாம்பல் தூவினார், கண்ணேறு கழியப் பழைய செருப்பைக் கட்டித் தொங்கவிட்டார். அம்சவள்ளி செவலையிடம், "பூவுல வந்து குந்தறதுக்கு ஒரு ஈ இல்ல, பூச்சி இல்ல. இதுல செருப்பு தொங்கி இன்னா பண்ணும்?" என்றாள். மறுநாள் விடியும்போதே வயலில் இறங்கி, பொய்ப்பூவாகப் பார்த்துப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, அதன் தூளைப் பிஞ்சுள்ள பூக்களில் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு வைத்தாள். அடியில் பிஞ்சில்லாமல் வெறும் காம்போடு பூப்பது அவளுக்குப் பொய்ப்பூ. வெயில் ஏறினால் பூ மூடிக்கொள்ளும். அதற்குள் குனிந்த இடுப்பு நிமிராமல் வரப்புக்கு வரப்பு போக வேண்டும். தேனீ சும்மா செய்த வேலை அது.

மாலையில் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவதைச் சுப்புராயன் பார்த்தார். பொறுக்கவில்லை. அடுத்த நாள் அவளுக்கு முன்னால் எழுந்து வயலுக்குப் போய், பாதி வயலுக்கு மேல் பூ தொட்டு முடித்து, அவள் வரும்போது வரப்பில் நின்று பல்லைக் காட்டினார். அவள் குனிந்து பார்த்தாள். பிஞ்சுள்ள பூவையெல்லாம் காம்போடு கிள்ளி, பொய்ப்பூவில் தேய்த்து எறிந்திருந்தார்.

அன்று செவலையிடம் அவள் கேட்டது தெரு முழுக்கக் கேட்டது. "செவல, பிஞ்சப் பிச்சுப் பூவுல தேய்க்கிற ஆம்பளைய நீ எங்கனா பாத்திருக்கியா?"

செவலை பார்த்ததில்லை போலிருக்கிறது. தலையை ஆட்டியது.

தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அவரும் சொல்லிப் பார்த்தார். ஒரு காலையில் செவலை முன்னால் நின்று, "செவல, தப்புதான்னு சொல்லு" என்று தொண்டையைச் செருமிச் சொல்லியும்விட்டார். திரும்பிப் பார்த்தால் அம்சவள்ளி வாசலில் சாணி தெளிக்கப் போயிருந்தாள். மாடு மட்டும் கேட்டது. இரண்டாம் தரம் சொல்ல அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அப்புறம்தான் அந்த மூட்டை அவர் கண்ணில் பட்டது. நெல் குதிருக்குப் பின்னால், பழைய சேலைத் துணியில் முடிந்த சின்ன மூட்டை. அவிழ்த்தால் புளியங்கொட்டை, ஒரு கை அளவு. சுப்புராயனுக்கு நெஞ்சில் ஒன்று பளிச்சென்றது. கலியாணமாகி முதல் ஆடிக்கு அம்சவள்ளியை நைனார்பாளையத்துத் தாய்வீட்டிலிருந்து அழைத்துவந்தபோது, பஸ்ஸில் அவள் மடியில் வறுத்த புளியங்கொட்டை வைத்திருந்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கடுக்கு கடுக்கென்று கடித்தாள். பிறகு இவர் பக்கம் பார்க்காமலே கையை நீட்டி, இரண்டு கொட்டையை இவர் உள்ளங்கையில் வைத்தாள். புருசனுக்கு அவள் கொடுத்த முதல் தீனி அது. இவளுக்கு இதில் இன்னும் ஆசை விடவில்லை, வறுக்க நேரமில்லாமல் முடிந்து வைத்திருக்கிறாள் என்று அவராகவே முடிவு கட்டினார்.

அவள் அறுப்புக்குப் போன சமயம் பார்த்து ஓட்டுச் சட்டியில் மணலைப் போட்டு, கொட்டையைக் கொட்டி, உப்புத் தண்ணீர் தெளித்து, மணம் வருகிற வரைக்கும் பொறுமையாக வறுத்தார். கையைச் சுட்டுக்கொண்டார். ஆறவைத்து, அதே துணியில் அதே முடிச்சாக முடிந்து, அதே இடத்தில் வைத்துவிட்டார். அவளே எடுக்கட்டும், அவளே அவிழ்க்கட்டும். இந்தத் தடவை தப்பாது.

*

இரண்டு நாள் கழித்து, விடியாத இருட்டில், "செவல, நான் கரியாலூருக்குப் போறேன். வெள்ளச்சி நாத்துத் தோட்டம் போட்டிருக்காளாம். மலைச் செடியா, தேனீ வந்து குந்தற செடியாப் பாத்து வாங்கியாரணும். தூக்கியார ஆளு வேணும். வர்றவங்க வரலாம்" என்று சொல்லிவிட்டு, குதிருக்குப் பின்னால் கைவிட்டு மூட்டையை எடுத்து மடியில் செருகினாள்.

சுப்புராயன் அதைப் பார்த்தார். வழிக்குக் கொறிக்க எடுத்துக்கொள்கிறாள்! அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

பஸ்ஸில் அம்சவள்ளி முன்னால் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். "கரியாலூரு ரெண்டு குடுங்க. ஒன்னு அந்த ஆளுக்கு" என்றாள்.

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். "எந்த ஆளும்மா?"

"வேட்டிய மடிச்சுக் கட்டிக்கினு தானாச் சிரிச்சிக்கினு நிக்குதே, அது."

கோமுகி அணைக்கட்டு தாண்டியதும் பஸ் முனகிக்கொண்டு மலை ஏறியது. காற்றில் சில்லிப்பு வந்தது. ஒரு வளைவில் வேங்கை மரம், அடுத்த வளைவில் மூங்கில், அதற்கப்பால் பள்ளம். சுப்புராயன் ஒன்றையும் பார்க்கவில்லை. அம்சவள்ளியின் மடியையே பார்த்துக்கொண்டிருந்தார். இதோ அவிழ்க்கப்போகிறாள், ஒன்றை வாயில் போடப்போகிறாள், திரும்பி நம்மைத் தேடப்போகிறாள். வெள்ளிமலை வந்தது, கரியாலூரும் வந்துவிட்டது. அவள் அவிழ்க்கவே இல்லை. நமக்கு எதிரில் திங்கக் கூச்சம் என்று அதற்கும் ஒரு சமாதானம் செய்துகொண்டார்.

வெள்ளச்சியின் நாற்றுத் தோட்டம் ஊரைத் தாண்டி ஓடையோரச் சரிவில் இருந்தது. சாமை விளைந்துகொண்டிருந்த துண்டு நிலத்தில் பாதியை ஒதுக்கி, மூங்கில் நட்டுப் பந்தல் போட்டிருந்தார்கள். பந்தலுக்கடியில் கறுப்புப் பைகளில் நாவல், புங்கன், இலுப்பை, கடுக்காய்க் கன்றுகள். மூங்கில் குழாய்களில் வேங்கை. வெளியே பந்தலைச் சுற்றி நொச்சியும் ஆவாரையும் துளசியும் தும்பையும் காடாகக் கிடந்தன. களை எடுக்காத தோட்டம் என்றுதான் சுப்புராயன் முதலில் நினைத்தார். பிறகு சத்தம் கேட்டது. தோட்டம் முழுக்க ரீங்கென்று ஒரே முனகல். தும்பைப் பூவில் குட்டித் தேனீ, துளசியில் கறுப்பு வண்டு, நொச்சியில் பெயர் தெரியாத நீலப் பூச்சி. குடிசைச் சுவரோரம் வாய் பூசிய பழம்பானைகளைப் படுக்கப் போட்டிருந்தான் செல்லன். துளை வழியாகத் தேனீக்கள் வருவதும் போவதும், தேர்த்திருவிழாக் கூட்டம்.

அம்சவள்ளி அங்கேயே நின்றுவிட்டாள். ஒரு தும்பைச் செடி பக்கத்தில் குந்தி, பூவுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த ஒரு தேனீயை உற்றுப் பார்த்தாள். "இங்கியா இருக்கீங்க எல்லாரும்" என்றாள்.

"யக்கா! வா வா. அண்ணனையும் இட்டாந்தியா?" வெள்ளச்சி கையிலிருந்த மண்ணைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். வாய் ஓயாத பொம்பளை, அம்சவள்ளி வயதுதான் இருக்கும். "இன்னாண்ணா, எளச்சிப் போய்ட்டீங்க?"

"அந்த ஆளு எளைக்கிலியாம்னு சொல்லு வெள்ளச்சி. மூணு வேளையும் நல்லாத்தான் துன்னுது."

வெள்ளச்சி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சுப்புராயன் செல்லனைப் பார்த்து, "செல்லா, புங்கங்கன்னு எத்தினி வேணும்னு கேட்டுச் சொல்லு" என்றார்.

செல்லன் வாயைத் திறக்குமுன் அம்சவள்ளி, "வெள்ளச்சி, எத்தினி தூக்க முடியுமோ அத்தினின்னு சொல்லு. நாவலும் வேணும். வரப்புல ஆவாரை வெக்கணும்னும் சொல்லு" என்றாள்.

"நான் இன்னாக்கா இங்க தபாலாபீசா வெச்சி நடத்தறேன்?" என்றாள் வெள்ளச்சி. "கையெட்டற தூரத்துல நிக்கறீங்க ரெண்டு பேரும். சரி, கேட்டுக்கோண்ணா. உன்னப் பாக்காம அக்காவுக்குத் தூக்கம் வரலியாம்."

"அடியே! நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

"எனுக்குக் காது கொஞ்சம் மந்தம். மலைக்காத்து. நேராச் சொல்லிக்கினா தப்பு வராது."

செல்லன் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு கன்றுப் பையை நகர்த்தினான். அம்சவள்ளிக்கும் உதடு ஒரு பக்கம் இழுத்தது. ஆனால் விடவில்லை.

வெயில் ஏறியது. செல்லன் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தான். "தும்பை, துளசி வெத போட்டா ஆடி ஆவணியில பூத்துடும். பூசணிக்குப் பக்கத்துலயே வெச்சிக்குங்க. ஆவாரையும் நொச்சியும் வரப்புக்கு. புங்கனுக்கு அஞ்சாறு வருசம் ஆவும். நாவலுக்கு அதுக்கும் மேல."

"இந்தப் பானையில ஒன்னு குடுத்தா தூக்கினு போயிடலாமே?" என்றார் சுப்புராயன். யாரிடம் என்று குறிப்பில்லாமல், பானையைப் பார்த்துத்தான் கேட்டார்.

"தூக்கினு போயி? பூ இல்லாத ஊருல அது இன்னாத்தத் திங்கும்? மூணாம் நாளு எழுந்து போயிடும்ணா. மொதல்ல எல போடணும். அப்புறந்தான் விருந்தாளியக் கூப்பிடணும்" என்றான் செல்லன்.

வெள்ளச்சி உள்ளேயிருந்து சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் கொண்டுவந்து பந்தலடியில் பாய் விரித்து வைத்தாள். கை கழுவுமுன் அம்சவள்ளி மடியிலிருந்து மூட்டையை எடுத்தாள். சுப்புராயனுக்கு உடம்பெல்லாம் கண்ணானது. வந்துவிட்டது நேரம்.

"வெள்ளச்சி, செடியெல்லாம் இருக்கட்டும். நான் வந்ததே இதுக்குத்தான்." அவள் குரல் திடீரென்று இறங்கிவிட்டது. "இது எங்க மரத்துக் கொட்ட. நீ மூட்டையெறக்கி ஒக்காருவியே, அதே மரம். போன வருசம் மாசியில ஏலக்காரன் உலுக்கிட்டுப் போனப்புறம் பொறுக்கனது. புளிய எடுத்துக்கினு கொட்டைய சும்மா முடிஞ்சு போட்டேன். அப்ப எனுக்குத் தெரியுமா, அதுதான் கடசின்னு? எங்க வூட்டுல ஆடு, கோழி, ஒன்னு முளைக்க வுடாது. நீ போட்டு வளத்து, ஆடு எட்டாத ஒசரம் ஆனதும் குடு. எனுக்கு வேற புளி வேணாம். அந்த மரத்தோட புள்ளைதான் வேணும்."

சுப்புராயனுக்கு ஓடைச் சத்தம் நின்று போன மாதிரி இருந்தது.

"செல்லா" என்றார். "செல்லா, அத இப்ப அவுக்க வேணாம்னு சொல்லு."

செல்லனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெள்ளச்சி அதற்குள் முடிச்சை அவிழ்த்துவிட்டாள். ஒரு கொட்டையை எடுத்து விரலில் உருட்டினாள், மோந்து பார்த்தாள். தோல் கருகி வெடித்திருந்தது.

"யக்கா. இது வறுத்த கொட்டயாச்சே."

"இன்னா வறுத்தது?"

"பாரேன். உப்புகூடப் போட்டிருக்குது."

அம்சவள்ளி துணியை வாங்கிப் பார்த்தாள். ஒவ்வொரு கொட்டையாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பிறகு மெதுவாக எழுந்து நின்றாள். பந்தல் காலைப் பார்த்துச் சொல்வாளா, பானையைப் பார்த்துச் சொல்வாளா என்று சுப்புராயன் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தார்.

"யோவ்!"

அவர் நிமிர்ந்தார். அவள் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நேராக, கண்ணுக்குக் கண்.

"யோவ், நீ மனுசனாய்யா? என் கொட்டைய அடுப்புல போட்டியா? மரத்த வெட்டன. வெட்டிட்டு தேன எடுத்தாந்து மூஞ்சிக்கு நேரா நீட்டன. எழவு வூட்டுல பாயசம் குடுக்கற மாதிரி நீட்டன. பல்லக் கடிச்சிக்கினு இருந்தேன். பிஞ்சப் பிச்சுத் தேச்ச. சரி, துப்பு அவ்ளோதான்னு வுட்டேன். மிச்சம் இருந்தது இந்த ஒரு கை. இதையும் வறுத்துட்டியேய்யா! உனுக்குக் கையி சும்மாவே இருக்காதா? ஏன்யா, ரோட்ட மறிக்க ஆளா இல்ல? நான் ஒக்காந்திருந்தேனே? ஜீப்பு வந்து காலாண்ட நின்னுச்சே, எழுந்தேனா? மரம் நம்மள இன்னாய்யா கேட்டுது?"

திட்டத் திட்ட அவள் குரல் ஏறியது. நொச்சியிலிருந்த பூச்சிகள் எழுந்து மறுபடி உட்கார்ந்தன. சுப்புராயன் நின்றபடியே நின்றார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்திருந்தது. அடக்கப் பார்த்தும் போகவில்லை. கண்ணில் தண்ணீரும் வந்துகொண்டிருந்தது.

"எதுக்குய்யா சிரிக்கற? நான் வயிறெரிஞ்சு பேசிக்கினு இருக்கேன், நீ இளிக்கிற!"

"பேசிட்டியே" என்றார்.

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"நீ துன்னுறதுக்குத்தான் வெச்சிருக்கன்னு நெனச்சேன் அம்சா. மொத ஆடிக்கு இட்டாந்தப்ப பஸ்ஸுல துன்னுக்கினு வந்தியே, நெனப்பு இருக்குதா? எனுக்கும் ரெண்டு குடுத்தியே. அந்த மாதிரி வறுத்து வெச்சா ஒருவேள என்கிட்ட..." அவருக்கு மேலே வரவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தார். "அன்புவுக்காகத்தான் வெட்டனேன். ஆனா வெட்டறப்ப அவன் தூளி தொங்கன கிளை மொதல்ல ஒடஞ்சு வுழுந்துச்சு. பாத்தேன். அப்பவே தெரிஞ்சு போச்சு. தப்புதான் அம்சா. தப்பு என்னுதுதான்."

"இத சொல்ல உனுக்கு இத்தினி மாசமா?"

"செவல கிட்ட சொன்னேன். நீ சாணி தெளிக்கப் போயிட்ட."

வெள்ளச்சி பக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அம்சவள்ளி பாயில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சுப்புராயனுக்குத் தெரியவில்லை. தோள் குலுங்கியது. இரண்டும்தான் போலிருக்கிறது.

தேனீக்கள் மட்டும் பேசின. பிறகு கடுக்கென்று ஒரு சத்தம். வெள்ளச்சி ஒரு கொட்டையைக் கடவாயில் போட்டு உடைத்திருந்தாள்.

"யக்கா, ஒன்னு சொன்னா கோச்சுக்காத. அண்ணன் பதமா வறுத்திருக்காரு."

அம்சவள்ளி முந்தானையை எடுத்தாள். துணியை அருகே இழுத்து ஒரு கொட்டையை எடுத்தாள். கொஞ்ச நேரம் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, வாயில் போட்டுக் கடித்தாள். பிறகு அவர் பக்கம் பார்க்காமலே கையை நீட்டி, இரண்டு கொட்டையை அவர் கையில் வைத்தாள். அந்த மரத்தின் கடைசிக் கொட்டைகளை நாலு பேரும் சாமைச் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து மென்று தின்றார்கள். சுப்புராயனுக்குப் பல மாதம் கழித்து வாயில் ருசி தெரிந்தது. உப்பு ஒரு கல் ஜாஸ்தி.

சாப்பிட்டதும் அம்சவள்ளி பந்தல் மூலையில் நின்ற ஒரு புளியங்கன்றைத் தானே எடுத்தாள். முழங்கால் உயரம் இருந்தது.

"இது பூக்கற வரைக்கும் நம்ப இருக்கமோ இல்லியோ" என்றாள், அதன் இலையைத் தடவியபடி.

"நீங்க இல்லன்னா இன்னாக்கா? தேனீ இருக்கும்ல" என்றான் செல்லன்.

*

இறங்குகிற பஸ்ஸில் இருவர் சீட்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். காலடியில் புங்கனும் நாவலும் ஆவாரையும் நின்றன. தும்பை விதை அம்சவள்ளியின் மடியில், பழைய புளியங்கொட்டைத் துணியிலேயே. புளியங்கன்று சுப்புராயனின் மடியில். வளைவுக்கு வளைவு, "யோவ், சாய்க்காத. யோவ், மண்ணு உதுருது பாரு. யோவ், அதுங் கழுத்தப் புடிக்காத, பையப் புடி" என்று பாட்டு. காலையில் வந்த அதே கண்டக்டர் டிக்கெட் கிழிக்க வந்து, "இந்த ஆளுக்குந்தானம்மா?" என்றார். "ஆமா, இந்த ஆளுக்குந்தான்" என்றாள்.

வீட்டுக்கு வரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அம்சவள்ளி கன்றுகளைக் கிணற்றடி நிழலில் வைத்துவிட்டுச் செவலைக்குத் தண்ணீர் காட்டப் போனாள். மாடு வாளியில் வாயை வைக்காமல் காதை நிமிர்த்திக்கொண்டு நின்றது. பழக்கம். சேதி ஏதாவது வரும் என்று பார்த்தது. அம்சவள்ளி அதன் நெற்றியைச் சொறிந்தாள்.

"குடி, குடி. உனுக்கு இனிமே அந்த வேல இல்ல" என்றாள். பிறகு கொட்டகைக்கு வெளியே தலையை நீட்டினாள். "யோவ், மம்பட்டிய எடுத்துக்கினு வா. இருட்டறதுக்குள்ள ரோட்டாண்ட குழி எடுத்துடலாம்."

சுப்புராயன் பதில் சொல்லவில்லை. மண்வெட்டி கையில்தான் இருந்தது. வீட்டுக்குப் பின்பக்கம், சுவரில் சாய்ந்தபடி அசையாமல் நின்றார்.

"காது கேக்கலியா? யோவ்!"

கேட்டது. முதல் தரமே நன்றாகக் கேட்டது. இன்னொரு தரம் கேட்கட்டுமே என்றுதான் நின்றுகொண்டிருந்தார்.